லிவரில் கட்டிய முடிப்பு

அன்புள்ள நைனாவுக்கு,

அம்மாவிடம் கோபித்துக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பி நீங்கள் ஆவடிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனதிலிருந்து டிராக்டர் கொட்டகையிலேயே நின்றது. போன வாரம் சித்தப்பா எடுத்து ஓட்டினார். பின்னால் மாட்டிய கலப்பை பாதிதான் தூக்கியது. வரப்போரம் திரும்பும்போதெல்லாம் மண்ணில் இழுபட்டது.

கண்டிகையிலிருந்து மெக்கானிக் கஜபதி வந்தார். ஹைட்ராலிக் ஆயிலைப் பார்த்தார், பில்டரைக் கழற்றிக் கழுவினார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. ஓட்டுறவரைத்தான் வண்டிக்குப் புடிக்கல போல" என்றார். சித்தப்பா முறைத்தார்.

நான் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். எதிரே மலைக்கோயில் மேகத்தில் மிதந்துகொண்டிருந்தது. உங்கள் கை பட்டு வழவழத்துப்போன, கலப்பையைத் தூக்கும் லிவரை மெதுவாகத் தள்ளினேன். மேலே போய்ச் சேரும் முன்பே நின்றுவிட்டது. அதன் அடியில் காசு வைத்துக் கட்டியிருந்த மஞ்சள் துணி முடிப்பு இடித்தது.

"சாமி முடிப்பு ஆச்சேம்மா, அதான் நான் கை வெக்கல" என்றார் கஜபதி.

கொட்டகை வாசலில் நின்ற அம்மா எங்களைப் பார்க்காமலே சொன்னாள்: "மழைக்கு வேண்டிக்கினேன். வந்ததும் நானே அவுத்து மலைக்கு எடுத்துகினு போறேன். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."

நைனா, நேற்று நல்ல மழை. கழுவிவிட்டதுபோல் மலை கொஞ்சம் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஊரே மண்வாசனையில் தூங்குவதுபோல் இருக்கிறது.

"மழைதான் வந்துடுச்சேம்மா, அவுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றாள், பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே.

உழவுக்கு ஈரம் இந்த வாரம்தான் தாங்கும் என்கிறார் சித்தப்பா.

உங்கள் மகள்