முன்னால் போகிற கார்

பிப்ரவரி 6, வியாழன்

முழங்கால், முழங்கால், இடுப்பு, மறுபடி முழங்கால். எக்ஸ்ரே அறையில் இன்று வேறு எலும்பே வரவில்லை. "அசையாதீங்க, மூச்சப் பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

வீட்டுக்கு வந்தால், கூடத்தில் என் கட்டில் ஓரமாக மருமகள் நின்றுகொண்டிருந்தாள். அவளாக வந்து நிற்பது அபூர்வம். ஒரு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். "சாப்டீங்களா", "கதவச் சாத்திட்டேன்" என்பதைத் தாண்டி பெரிதாகப் பேசியதில்லை.

விஷயம் இதுதான். அவள் கம்ப்யூட்டரில் கார்ப் பந்தய விளையாட்டு ஆடுகிறாள். ஓட்டுகிற விளையாட்டு இல்லை, அணியை நடத்துகிற விளையாட்டு. எந்த டயர், அதை மாற்றக் காரை எப்போது உள்ளே கூப்பிடுவது, எந்த ஓட்டுநரை வேலைக்கு எடுப்பது, எல்லாம் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அணிக்கு இரண்டு கார், ஒவ்வொரு காருக்கும் ஒரு மேலாளர். கூட ஆடிய அலுவலகத் தோழி விலகிவிட்டாளாம். ஆள் இல்லாவிட்டால் அணியையே நீக்கிவிடுவார்களாம்.

"பேருக்கு உக்காந்தா போதும் அத்தை. நான் சொல்றப்ப ஒரு பட்டனை அமுக்கணும், அவ்ளோதான்."

பேருக்கு உட்காருவதா? நானா?

பிப்ரவரி 8, சனி

தகுதிச் சுற்று. சனிக்கிழமை இது, ஞாயிற்றுக்கிழமை பந்தயம். மூன்று கட்டமாக நடக்கிறது. முதல் இரண்டு கட்டங்களில் மெதுவான கார்களைக் கழித்துக் கட்டிவிடுகிறார்கள். மிஞ்சுகிற பத்துப் பேர் முன்வரிசைக்கு அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பத்துப் பேரும் இன்று தேய்த்த டயரிலேயே நாளைக்குக் கிளம்ப வேண்டும். பதினோராவது ஆளுக்கு அந்தத் தொல்லை இல்லை. புது டயர், இஷ்டப்பட்ட டயர்.

"அப்ப பதினொண்ணாவதா வர்றதுதான புத்திசாலித்தனம்?" என்று கேட்டேன்.

நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்த்தாள். "எனக்கு இது புரியவே ஒரு சீசன் ஆச்சு," என்றாள்.

இன்னொரு விதி கொஞ்சம் கொடூரம். முதலில் வந்தவனைவிட நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் மெதுவாக ஓடினாலோ, ஒரு சுற்றுகூட முடிக்காவிட்டாலோ, மறுநாள் பந்தயமே கிடையாது. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

என் ஓட்டுநருக்குப் படத்தில் தலையில் ஒரு முடி இல்லை. மொட்டை என்று பெயர் வைத்தேன். அவளுடையவன் சுருட்டை.

பிப்ரவரி 9, ஞாயிறு

சுருட்டை ஒன்பது. மொட்டை பதினான்கு. சோறு ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

மகன் குளியலறை வாசலில் துண்டோடு நின்று புலம்பினான். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்காம இருந்தப்பவே நிம்மதியா இருந்துச்சு. பல்லு விளக்குறப்பக்கூடவா டயரு?"

நடுத்தர டயரா கடின டயரா என்பது இன்னும் முடிவாகவில்லை.

அணி கடைசிக்கு முந்தின இடத்தில் இருக்கிறது. சீசன் முடிவில் கடைசியில் இருக்கும் அணி கீழ்ப் பிரிவுக்குப் போய்விடும். முதல் பத்து இடங்களுக்குத்தான் புள்ளி. இரண்டு காரும் புள்ளி எடுத்தால்தான் தப்பிக்கலாம்.

பிப்ரவரி 26, புதன்

துணி எடுக்க மாடிக்குப் போனேன். அவள் அங்கே தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரியாது.

"எங்களுக்கு மட்டும்னா ஒரு ரூம் போதும்மா. ஆனா அத்தைகிட்ட எப்படிக் கேக்கறது?"

துணியை எடுக்காமலே இறங்கிவிட்டேன். வலித்தது. இல்லையென்று எழுதினால் பொய்.

சரி, தனியாக இருக்க அவர்களுக்கும் ஆசை இருக்காதா? ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிற தோழி வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. பந்தயங்கள் முடிந்ததும் அங்கே போய்விடலாம். அவள் வாய் திறந்து கேட்கும்படி மட்டும் விடக் கூடாது. கேட்ட பிறகு போனால் துரத்தியது மாதிரி. கேட்கும் முன்பே போனால் நான் பெரிய மனுஷி.

இப்படி யோசித்தபோது உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 1, சனி

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும்.

முன்னால் ஒரு கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் வருகிற காருக்கு வேகம் கூடும். இதற்கு 'டோ' கொடுப்பது என்று பெயர். சுருட்டைக்கு இன்று வேகம் போதவில்லை. நானாக முடிவு செய்து மொட்டையை அவனுக்கு முன்னால் விட்டேன். கடைசி நேர்ச்சாலை வரை இழுத்துக்கொண்டு போய், கோட்டைத் தொடும் முன்பே ஒதுங்கி உள்ளே வரச் செய்தேன். இரண்டாம் தடவையும் அதையே செய்தேன். மொட்டையின் நேரத்தைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடைசியில் எவனோ சுவரில் மோதினான். சிவப்புக் கொடி காட்டி எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள். நேரம் முடிந்தது.

சுருட்டை அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டான். மொட்டை ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை. என் திரையில் 'தகுதி பெறவில்லை' என்று வந்தது.

அவள் நன்றி சொல்வாள் என்று உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"யாரு கேட்டா அத்தை?"

"உனக்காகத்தான்..."

"எனக்காகன்னு சொல்லாதீங்க. ரெண்டு காரும் ஓடினாத்தான் தப்பிப்போம்னு உங்களுக்குத் தெரியும்ல? எல்லாத்துலயும் இப்படித்தான். பெட்ரூமை எங்களுக்குக் குடுத்துட்டு நீங்க கூடத்துல படுத்துக்கிட்டீங்க. நான் கேட்டனா? ஒரு வருஷமா ராத்திரி தண்ணி குடிக்கக்கூட பூனை மாதிரி நடக்கறேன். உங்க தூக்கம் கெடுமேன்னு பயம்."

வாய் சும்மா இருந்ததா? "அதான் போறேனே. இடம் பாத்தாச்சு," என்றேன்.

மகன் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினான்.

மார்ச் 2, ஞாயிறு

சுருட்டை மட்டும் ஓடினான். பதினொன்று. புள்ளி இல்லை. ஒருவரும் பேசவில்லை. மகன் கேட்ட நிம்மதி கிடைத்துவிட்டது, ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

வேலை முடிந்து வெளியே வந்தால் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் மருமகள். எந்த எலும்பு என்று கேட்கப் பார்த்தேன். சிரிப்பு வருமோ என்று பயந்து கேட்கவில்லை.

"தனி வீடு வேணும்னு எனக்கு ஆசைதான்," என்றாள். சுற்றி வளைக்கவில்லை. "உங்ககிட்ட கேட்டு, நீங்க திட்டி, நான் அழுது, அப்புறம் ஒரு முடிவுக்கு வரலாம்னு நெனச்சிருந்தேன். நீங்க சண்டைக்கே இடம் குடுக்கல. நீங்களே பெட்டியக் கட்டிட்டா, நான் காலம் பூரா மாமியாரைத் துரத்தினவதான?"

எனக்கு அது தோன்றவேயில்லை. என் பெருந்தன்மையில் அவளுக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"சரி, உங்களுக்கு என்ன வேணும் அத்தை?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஐம்பத்தெட்டு வயதில்.

மார்ச் 7, வெள்ளி

சாப்பாட்டு மேசையில் சொன்னேன். தோழி வீட்டு அறை வேண்டாம். இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், என் படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டு. நீங்கள் போங்கள், ஆனால் நடந்து வரும் தூரத்தில் போங்கள்.

மகன், "அவ்ளோதானா?" என்றான். அவள் ஏற்கனவே போனில் வீடு தேடத் தொடங்கியிருந்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

அடுத்த தெருவுக்குச் சாமான் போய்விட்டது. கம்ப்யூட்டர் ஒன்றை எனக்கென்று இங்கேயே விட்டுவிட்டார்கள். கட்டிலைத் திரும்ப உள்ளே போட்டோம். கதவைச் சாத்திப் பார்த்தேன். திறந்து மறுபடி சாத்தினேன்.

மார்ச் 29, சனி

கடைசிப் பந்தயத்துக்கான தகுதிச் சுற்று. அவள் அங்கே, நான் இங்கே, காதில் ஹெட்போன். இரண்டாம் கட்டத்தில் மொட்டை ஆகக் கடைசியில் கிடந்தான். இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் நேரம். எனக்கு என்ன தேவை என்று நன்றாகத் தெரியும். வாய்தான் வரவில்லை. அசையாதீங்க, மூச்சப் பிடிங்க, விடுங்க.

"எனக்கு டோ குடுக்கறியா?"

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம். அப்புறம், "குடுக்கறேன் அத்தை. என் நேரத்தை முதல்லயே போட்டுட்டேன், கவலப்படாதீங்க."

சுருட்டை முன்னால் போனான். மொட்டை பின்னால் ஒட்டிக்கொண்டு போனான். பதினொன்று. புது டயர். இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

மார்ச் 30, ஞாயிறு

மொட்டை எட்டு, சுருட்டை பத்து. இரண்டு பேருக்கும் புள்ளி. ஆனாலும் ஒரே ஒரு புள்ளியில் கீழ்ப் பிரிவுக்குப் போய்விட்டோம். அந்தச் சனிக்கிழமை என் மொட்டை தகுதி பெற்றிருந்தால்... அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மகன் சொன்னான். இரண்டு பேரும் அவனை முறைத்தோம்.

சாப்பாடு அவர்கள் வீட்டில். கீழ்ப் பிரிவில் தகுதிச் சுற்றுக்கு ஒரே கட்டம்தானாம், ஒவ்வொரு காராகத் தனியே ஒரே ஒரு சுற்றாம், அதனால் டோவே கிடையாதாம். அப்படியானால் டயரைச் சூடாக்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்றேன். இல்லை, எரிபொருளைக் குறைத்துப் போடுவதில் என்றாள். சண்டை நன்றாகவே நடந்தது.

குழம்பு ருசியாக இருந்தது. பாத்திரத்தின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். எப்போதும் இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது என்பேன்.

"எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றேன்.

ஊற்றினாள்.