உச்சியில் வைத்த கல்

ஞாயிறு, பகல் பதினொன்று

அன்புள்ள இன்ஸ்பெக்டரம்மாவுக்கு,

நலம். நீயும் மகளும் மருமகனும் என் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்களா? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் பக்கம் பிள்ளை அழுகிறது. என் பக்கம் "சரி, சரி" என்பதைத் தவிர வேறு வார்த்தை வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். இதை மகளிடம் காட்டாதே.

முதலில் வீட்டு விஷயம். சமையலறைக் குழாய் ஒழுகுவதை நிறுத்திவிட்டேன். ஊருக்கே தண்ணீர் ஏற்றுகிறவன் வீட்டுக் குழாய் ஒழுகலாமா என்று ஒரு வருஷமாகக் கேட்டாயே, இனி கேட்க முடியாது. உன் துணி அலமாரியை நான் திறப்பதே இல்லை, அதனால் எல்லாம் வைத்தபடி இருக்கும். காலையில் வண்டியை எடுக்கும்போது வாசலில் நின்று "லைட்டப் போடு, ஹாரன் அடி, ஹெல்மெட் வாரை மாட்டு" என்று அதட்ட இன்ஸ்பெக்டரம்மா இல்லை. நீ மகள் வீட்டுக்குப் போன இந்த ஒன்றரை வருஷத்தில் வாரை மாட்டாமல் எத்தனை நாள் போனேன் என்று சொன்னால் திட்டுவாய்.

இனி எழுத வந்த விஷயம். ரொட்டிக்காரரைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேன். வண்டியின் பின்னால் பெரிய தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகிறவர். பதினோரு வருஷமாக ஒரே ரோடு. அவர் ஐந்தரைக்குக் கிளம்புவார், அந்தப் பக்கத்துப் பம்ப் ஹவுஸுக்கு நான் ஆறு மணிக்கு. அவர் மதியம் திரும்புவார், நான் மாலையில். முகம் பார்த்துப் பேசியது ஒரே ஒரு நாள். பலத்த மழையில் உச்சியில் இருக்கும் பஸ் நிழற்குடையில் ஒதுங்கினோம். அப்போது அவர்தான் சொன்னார்: "ஆள் நடமாட்டமில்லாத ரோடு சார். விழுந்தா நாயி கூட எட்டிப் பாக்காது. நான் தாண்டிட்டேன்னா இந்த செவுத்து மேல ஒரு கல்லு வெக்கிறேன். நீங்க அத எடுத்துக் கீழ போடுங்க. திரும்பி வரும்போது கல்லு இல்லேன்னா நீங்களும் தாண்டிட்டீங்கன்னு தெரிஞ்சுக்குவேன்."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் பேச்சு. தினமும் ஒரு கல். யாராவது லீவு போடுவதாக இருந்தால் முதல் நாளே சுவரில் கரியால் ஒரு கோடு. வேறு சிநேகம் கிடையாது. ஆனாலும் அந்தக் கல்லைத் தொடும்போது, காலையில் யாரோ "கிளம்பிட்டீங்களா" என்று கேட்ட மாதிரி இருக்கும். நீ போன பிறகு அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் நீ போனில், பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை இருந்துவிட்டு வருகிறேன் என்றாய். இன்னும் இரண்டு வருஷம். நான் "சரி, சரி" என்றேன். மறுநாள் காலையில் டீயைப் போட்டு வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கிளம்பும்போது ஆறரை. உன்மேல் பழி போடவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பனிமூட்டம். ஒவ்வொரு வளைவிலும் மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே ஏறினேன். உச்சியில் சுவரின் மேல் கல் இல்லை. கரிக்கோடும் இல்லை. நின்று பார்த்தேன். ஏழு மணிக்கு மோட்டார் போட வேண்டும், போடாவிட்டால் இரண்டு ஊருக்குத் தண்ணீர் இல்லை. உன்னைப் போல இவரும் மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கிப் போய்விட்டேன். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட மறக்காத மனுஷன்.

மோட்டாரைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனால், ரொட்டி இன்னும் வரவில்லை என்றார் கடைக்காரர். சொன்ன டீயைக்கூடக் குடிக்கவில்லை. வண்டியைத் திருப்பினேன். நம் பக்கம் ஏறும் வழியில் மூன்றாவது வளைவு. காலையில் நான் ஏறிப்போன அதே இடம். பள்ளத்தில் ரொட்டிப் பாக்கெட்டுகள் சிதறிக் கிடந்தன. அவர் கால்மேல் வண்டி.

வண்டியைத் தூக்கி நகர்த்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றியபோதுதான் அவருக்கு முழு வழுக்கை விழுந்துவிட்டது என்றே எனக்குத் தெரிந்தது. அந்த வலியிலும் சிரித்தார். "உங்க வண்டி ஏறுற சத்தம் கேட்டுச்சு சார். கூப்பிட்டேன், உங்களுக்குக் கேக்கல. சரி, மேல போயி கல்லக் காணோம்னு திரும்பிடுவாருன்னு கெடந்தேன். வந்துட்டீங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா, கல்லக் காணோம், உடனே திரும்பிட்டேன்" என்றேன். வாய் கூசவில்லை.

பால் வண்டி ஒன்று வந்தது, அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலில் இரண்டு இடத்தில் முறிவு. அவர் மனைவி வார்டில் எல்லோரிடமும் என்னைக் காட்டி, சொன்ன சொல்லைக் காப்பாத்துன மனுஷர் என்றார். அந்த அம்மா கும்பிட்டபோது எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. போனில் நீகூட, "என்ன ஒரு மாதிரி பேசுறீங்க" என்று கேட்டாய். சளி என்றேன்.

நேற்று பொறுக்கமாட்டாமல் போய் அவரிடம் சொல்லிவிட்டேன். கல் இல்லாததைப் பார்த்தும் இறங்கிப் போனேன், டீக்கடைக்காரர் சொன்ன பிறகுதான் வந்தேன் என்று. அவர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பிறகு, "தெரியும் சார். கையில வாட்ச் ஓடிட்டுத்தான இருந்துச்சு. நீங்க தாண்டிப் போயி ஒன்னேகால் மணி நேரம்" என்றார். அப்புறம் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு, "லேட்டா வந்தாலும் வந்தீங்க இல்ல. உங்கள விட்டா எனக்கு அந்த ரோட்டுல வேற யாரு இருக்கா" என்றார்.

கால் சரியாக ஆறு மாதம் ஆகுமாம். இப்போது கணவாயில் காலை நேரத்தில் நான் ஒருவன்தான். பழக்கம் விடவில்லை, உச்சியில் நின்று ஒரு கல்லை வைக்கிறேன். மாலையில் வரும்போது அது வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான்தான் எடுத்துக் கீழே போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். தினமும் ஏழேகாலுக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. பம்ப் ஹவுஸில் சிக்னல் கிடைக்கும். உடனே நானும் ஒன்று கொடுப்பேன். கொடுக்காவிட்டால் டீக்கடைக்காரருக்குப் போன் செய், நம்பரைக் கவரின் பின்னால் எழுதியிருக்கிறேன். வாரை இப்போது ஒழுங்காக மாட்டுகிறேன்.

பேரப்பிள்ளைக்கு என் முத்தங்கள். மகளை நன்றாகச் சாப்பிடச் சொல். அவளுக்கு நீ வேண்டும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் உடனே வா என்று எழுதவில்லை. லேட்டாகவே வா. ஆனால் வந்துவிடு.

இப்படிக்கு,
வாசலில் அதட்ட ஆளில்லாத உன் வீட்டுக்காரன்