சங்கத்துக்கு வந்த உன் தந்தி

ரெங்கம், ஜோகூர்
12-8-1936

அன்பு மகன் ஜெயபாலனுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் எனக்கு இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, ரங்கூனில் நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒரு விஷயம், ஊர்ப்பேச்சு உன் காதுக்கும் வந்துவிடும் என்பதால் சொல்கிறேன். சங்கத்தின் நன்றிக் கூட்டத்தில் தோட்டத்து ஜனங்களோடு ஒரே பந்தியில் உட்காரப் பிடிக்காமல் நான் எழுந்து வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அது பொய். இலை போடுவதற்கு முன்பே நான் வீட்டுக்கு வந்தாயிற்று, காரணமும் பந்தி இல்லை.

சங்கத்தின் ஜூலைத் தேர்தலில் நம் பக்கம் ஜெயித்ததை முன்பே எழுதியிருந்தேன். கள்ளுக்கடையை மூடவும் தோட்டங்களில் இராப்பள்ளி வைக்கவும் பாடுபடுவேன் என்ற லெட்சுமணன்தான் இப்போது தலைவர், கங்காணிமார் கூட்டம் பதவியிலிருந்து இறங்கிவிட்டது. பெண்கள் ஓட்டுப் போட்டது இதுவே முதல் தடவை. கங்காணிகள் சுவரோரம் நின்று யார் கை தூக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை நாற்காலியில் இருந்து நான்தான் முதலில் கை தூக்கினேன், எனக்குப் பின்னால் ஒரு கைகூட எழவில்லை. அப்போது ரப்பர் பால்வெட்டும் வெள்ளையம்மா எழுந்து நின்று, என் கையத்தான பாக்குறீங்க, நல்லாப் பாத்துக்கங்க கங்காணியாரே என்று சொல்லிக் கையைத் தூக்கினாள், அதன் பிறகுதான் மற்ற கைகள் எழுந்தன. வேலை போனால் அவளுக்குத்தான் போகும், எனக்குப் போக ஒன்றுமில்லை, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நன்றிக் கூட்டத்தில் நடந்ததைக் கேள். தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாய் நடந்து ஆள் சேர்த்தவர்கள், தேநீர் ஆற்றியவர்கள், பெஞ்சு சுமந்தவர்கள் எல்லாரையும் லெட்சுமணன் பெயர் சொல்லி அழைத்தார். வெள்ளையம்மாவுக்கு மாலை போட்டார்கள். சங்க விதிகளை ஆங்கிலத்திலிருந்து தமிழில் எழுதிக் கொடுத்தவள் நான், எனக்கு வந்தது படித்த தாய்மார்களுக்கும் நன்றி என்ற பொதுவான ஒரு வரி. அதற்கும் கை தட்டினேன். பிறகு வாழ்த்துத் தந்திகளை வாசித்தார்கள், கடைசித் தந்தி உன்னுடையது. சங்கத்தின் வெற்றிக்கு வாழ்த்து, வெள்ளையம்மாவின் தைரியத்துக்கு என் வணக்கம் என்று வாசித்ததும் கொட்டகையே கை தட்டியது. பக்கத்தில் இருந்த புஷ்பவள்ளி, பிள்ளையப் பெத்தா இப்படில்ல பெக்கணும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், இதுதான் நடந்தது. வெள்ளையம்மா கை தூக்கியதை உனக்கு எழுதியது யார்? அவள் சொன்ன சொல்லைக்கூட மாற்றாமல் எழுதினேன். அந்தக் கடிதத்துக்குப் பதில் வரும் என்று தினமும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கத்துக்குத் தந்தி வந்தது.

மறுநாள் அந்தத் தந்தியை முந்தானையில் முடிந்துகொண்டு வெள்ளையம்மாவே வந்து நின்றாள். நேத்து கைதட்டுல ஒண்ணும் காதுல விழலம்மா, தம்பி என்ன எழுதியிருக்காருன்னு இன்னொருக்கா படிங்க என்றாள். படித்தேன். மறுபடியும் என்றாள், படித்தேன், ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. தம்பி நல்லா இருக்கணும்னு நான் சொன்னதா எழுதிடுங்க என்றாள், எழுதிவிட்டேன். பிறகு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, ஒங்களப் பத்தி எந்த எடத்துலம்மா எழுதியிருக்காரு என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, இல்லாமல் இருக்காது என்றுதான் கேட்டாள். அது எனக்குத் தனியாகக் கடிதத்தில் வரும் என்று சொல்லிவிட்டேன். அப்ப வந்ததும் எனக்கும் படிச்சுக் காட்டணும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கான்வென்டில் மதர் எங்களை எதற்கு மன்னித்தாலும் பொய்க்கு மன்னித்ததில்லை. இந்த வயதில் வெள்ளையம்மா முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்காதே. குழந்தைக்கு இருமல் என்று வைகாசியில் எழுதினாய், நின்றதா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. மழையில் சட்டையை நனைத்துக்கொண்டு ஆபீசில் உட்காராதே. மூவரும் நோய்நொடியின்றி நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசீர்வாதம். தந்தி வேண்டாம், சங்கத்து விலாசமும் வேண்டாம். என் பெயருக்கு, உன் கையெழுத்தில், ஒரு கடிதம் பதில் எழுது.

உன் தாய்,
சந்திரமதி