சுருட்டை முடி மணி

இன்று காலை மழையில் ஆடிவிட்டு வந்த மணி, கூடத்தின் நடுவே நின்று உடம்பை உதறினான். ஈர நாயின் வாடை வீடெங்கும் பரவியது. துடைக்கத் துணி எடுக்கப் போனவள் உங்கள் நினைப்பில் அப்படியே நின்றுவிட்டேன், அக்கா.

நீங்கள் பக்கத்து வீட்டுக்கு அவனைக் கொண்டுவந்த அன்று நான் கதவைச் சாத்திக்கொண்டேன். சிறுவயதில் நாய்க்கடி பட்டவள் நான். சன்னல் வழியே பார்த்தால், கழுத்திலிருந்து வால் நுனிவரை மிளகை ஒட்டியதுபோலக் கருஞ்சுருள்கள். வெளிநாடு போன பெங்களூர்க் குடும்பம் ஒன்று உங்களிடம் விட்டுச்சென்ற நாய், 'கர்லி கோட்டட் ரெட்ரீவர்' இனம் என்றீர்கள். எனக்கு வாயில் நுழையவில்லை.

"சீப்புப் போட்டு வாருங்க்கா, சிக்காக் கெடக்குதே" என்று சன்னலிலிருந்தே சொன்னேன்.

"வாரினா பஞ்சாட்டம் பொங்கிக்கும் கண்ணு. நனைச்சு உட்டா அதுவாச் சுருண்டுக்கும்" என்று சிரித்தீர்கள்.

மற்ற நாய்களைப் போல அவன் ஓடிவந்து குழையவில்லை. தூர நின்றே என்னை அளந்தான். நானும் அளந்தேன். "அவனுக்கொண்ணும் அவசரமில்ல சாமி" என்பீர்கள். ஒரு வருடம் அப்படியே போனது.

பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. மூவரும் காவிரியில் குளிக்க ஜேடர்பாளையம் போயிருந்தோம். படித்துறைப் பாசியில் வழுக்கி ஆழத்துக்குப் போய்விட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. மூக்கிலும் வாயிலும் காவிரி. உங்கள் குரல் மட்டும் கேட்டது: "பட்டையப் புடி! அவன் கழுத்துப் பட்டையப் புடி!"

கண்ணைத் திறந்தால் அந்தக் கரிய தலை என் முகத்தருகே. பிடித்தேன். அவன் பதறவில்லை. நிதானமாகத் திரும்பி என்னைக் கரைக்கு இழுத்துவந்தான். என்மேலேயே தண்ணீரை உதறிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் கோரைப் பக்கம் மோப்பம் பிடிக்கப் போய்விட்டான். நாம்தான் கட்டிக்கொண்டு அழுதோம். அன்று மாலைதான் முதன்முதலாக அவன் முதுகில் கை வைத்தேன்.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது, "மணிய நீ வெச்சுக்கறயா?" என்று கேட்டீர்கள்.

"இதக் கேக்கோணுமாக்கா?" என்றேன்.

நீங்கள் போனபின் பத்து நாள் உங்கள் பூட்டிய கதவோரமே படுத்துக்கிடந்தான். நான் அவனைக் கூப்பிடவில்லை. சோற்றுத் தட்டோடு போய் அருகில் உட்கார்ந்திருந்தேன். பதினோராம் நாள் தானாக எழுந்து என் பின்னால் வந்தான்.

இந்தக் கோடையில் தோட்டத்துக் குட்டையில் நீந்தப் பழகினேன், அக்கா, நாற்பத்தாறு வயதில். மணிதான் துணை. நேற்று எதிர்க்கரை வரை போய்த் திரும்பினோம், இரண்டு பேரும்.