கழுவிக் காயப்போட்ட பை

சிஞ்ஞோரா,

நேற்று புது வேலைவீட்டுச் சமையலறையில் குழாய் ஒழுகுகிறதென்று ஒருவர் வந்து ஈயத்தை உருக்கி ஒட்டினார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் படிக்கட்டில் போய் இருந்துவிட்டேன். உங்கள் சவப்பெட்டியை மூடிய அன்றும் இதே மணம்தான்.

உங்களைப் பராமரித்த காலத்தில் நீங்கள் இத்தாலியனில் கதைத்ததெல்லாம் எனக்கு எங்கள் தமிழிலேயே ஞாபகத்தில் நிற்கிறது. லிபியாவின் திரிப்போலியில் பிறந்து, யூதர்கள் இனி அங்கே இருக்க ஏலாது என்றானபோது ஒற்றைப் பெட்டியோடு ஓடிவந்தவர் நீங்கள். தமையன் இஸ்ரேலுக்குப் போனார். நீங்கள் சிசிலியின் பலெர்மோவில் ஒரு கத்தோலிக்கரைக் கட்டி லிபெர்த்தா வீதியில் தங்கிவிட்டீர்கள். வெள்ளிக்கிழமைகளில் மெழுகுதிரி கொளுத்திக் கிழக்கு யன்னலைப் பார்த்து நிற்பீர்கள். என் ஊர் வன்னியும் அந்தப் பக்கம்தானே என்று நானும் பக்கத்தில் வந்து நிற்பேன். "தள்ளி நில்லும், எருசலேமை மறைக்கிறீர்" என்று பகிடி விடுவீர்கள்.

இஸ்ரேலில் எல்லாரும் ஒரே மாதிரி ஆக்களோ என்று ஒருநாள் கேட்டேன். இருமும்வரை சிரித்தீர்கள்.

"ஹைஃபாவிலை என்ரை தமையன்ரை மகளின்ரை மாடியிலை ஒருத்தர் மொரோக்கோ, ஒருத்தர் எத்தியோப்பியா, கீழை ரஷ்யாக்கார கிழவன். மேலை ஒரு அரபுக் குடும்பம், மருந்துக்கடை வைச்சிருக்கினம். அவையின்ரை பூட்டனும் அங்கைதான் பிறந்தவர், அவைக்கும் அதுதான் ஊர். கார் விடுற இடத்துக்கு எல்லாரும் பிடிக்கிற சண்டையைப் பாக்கவேணும்!"

"எங்கடை வேலிச் சண்டை மாதிரி" என்றேன்.

"எங்கடை சனம் எத்தினை தலைமுறை அந்தத் திசையைப் பாத்துக் கும்பிட்டது. நான் ஒருக்கால் போனன். எந்த ஊர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. காரை எடு எண்டுதான் ஏசினவை. எவ்வளவு சந்தோஷமா இருந்தது தெரியுமோ?"

எனக்கு அது விளங்கியது. இந்த நகரத்தில் நான் வாய் திறந்தாலே எந்த நாடு என்றுதான் கேட்கிறார்கள்.

தமையன் எருசலேமிலிருந்து கொண்டுவந்த மண்ணை வெள்ளைத் துணிப்பையில் கட்டி அலுமாரியில் வைத்திருந்தீர்கள். அந்த நாட்டுக்கு வெளியே சாகிறவர்களின் தலைக்குக் கீழே அந்த மண்ணை வைப்பது உங்கள் ஆட்களின் வழக்கம். "நான் அங்கை போய்ப் படுக்கமாட்டன். அது வந்து எனக்குக் கீழை படுக்கட்டும்" என்று சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். உங்கள் கணவரின் மருமகனிடம் ஏன் சொல்லிவைக்கவில்லை? என் தலையில் மட்டும் ஏன் கட்டினீர்கள்? இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

நீங்கள் கண்மூடிய கிழமை இஸ்ரேலில் போர். விமானங்கள் ஓடவில்லை, தமையன் மகளால் வர முடியவில்லை. மருமகன் மயானத்தில், பெட்டியை உள்ளே தள்ளி அடைக்கும் சுவர்மாடத்தில் இடம் எடுத்தார். மாடத்துக்குள் வைப்பதென்றால் மரப்பெட்டிக்குள் ஒரு தகரப்பெட்டி வைத்து ஈயத்தால் ஒட்டவேண்டுமாம். மயானத்துச் சவச்சாலையில் உங்களைக் கழுவி உடுத்த உங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. வேதக்காரி, கிறிஸ்தவளான நான்தான் கழுவினேன். பிறகு பையை எடுக்க வீட்டுக்கு ஓடினேன்.

வீடு பளபளவென்றிருந்தது. கீழ்வீட்டில் வேலைசெய்யும் ரதி எனக்கு உதவியென்று நினைத்து, எங்கள் வழக்கப்படி செத்தவீட்டை முழுக்கக் கழுவிவிட்டிருந்தாள். பல்கனிக் கொடியில் உங்கள் வெள்ளைப் பை காய்ந்துகொண்டிருந்தது.

"ரதி, இதுக்குள்ளை இருந்த மண் எங்கை?"

"மண்ணோ? அலுமாரிக்குள்ளை கிடந்தது அக்கா. எறிய மனமில்லாமல் கறிவேப்பிலைச் சாடிக்குள்ளை கொட்டித் தண்ணியும் விட்டனான். ஏன் அக்கா, ஏன் அழுறியள்?"

சாடியைக் கரண்டியால் கிண்டினேன். எல்லாம் ஒரே கறுப்புச் சேறு. எது எருசலேம், எது சிசிலி, எது மரத்தடிக் கடையில் வாங்கிய உரம்? அந்தரத்தில் ஹைஃபாவுக்கு அழைத்தேன். தமையன் மகள் பதுங்கறைக்குள் இருந்தார். பின்னால் நாலைந்து பாஷையில் சத்தம், யாரோ ஒரு குழந்தையின் அழுகை.

"எல்லாத்தையும் அள்ளுங்கோ" என்றார். "கலந்தால் கலந்ததுதான். இஞ்சை மட்டும் என்ன, பிரிச்சா வைச்சிருக்கிறம்? ஓடுங்கோ!"

ஈரப் பையில் அள்ளிக்கொண்டு ஓடினேன். பஸ் வரவில்லை. வழியெல்லாம் உங்களிடம் கெஞ்சிக்கொண்டே ஓடினேன், கொஞ்சம் பொறுங்கோ, கொஞ்சம் பொறுங்கோ என்று. சவச்சாலைக் கதவைத் தள்ளியபோது அந்த மணம் வந்தது. தகரப்பெட்டியின் கடைசி மூலையை ஒட்டி முடித்துவிட்டு வேலைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"திறவுங்கோ" என்று கத்தினேன். மருமகன் என் தோளைப் பிடித்தார். "ஒட்டினதைத் திறக்க ஏலாது. அது வெறும் மண்தானே அம்மா" என்றார். நல்ல மனிதர், பகிடிக்குச் சொல்லவில்லை. பெட்டிக்கு மேலேயாவது வைக்கக் கேட்டேன். ஈரம் மரத்தைப் பழுதாக்கும் என்று ஆட்கள் தட்டிவிட்டார்கள். மாடத்தைச் சீமெந்து பூசி அடைக்கும்வரை நான் அந்தப் பையோடு நின்றேன்.

இப்போது ஸ்தாசியோனே, ரயில் நிலையப் பக்கம் நான்கு பேர் பங்குபோட்ட அறையில் இருக்கிறேன். தமையன் மகள், வழி திறந்தால் வந்து வாங்குவேன் என்கிறார். எப்போது என்று அவருக்கும் தெரியாது. அலுமாரி இல்லாததால் பை என் தலையணைக்குக் கீழே கிடக்கிறது. கூட இருக்கும் பெட்டைகளிடம் சொல்லவில்லை. யாரோ வெள்ளைக்காரியின் மண் என்று தெரிந்தால் அவர்களும் கொட்டிக் கழுவிவிடுவார்கள்.

எனக்குப் பிரஷர் ஏறி இறங்குகிறது, சிஞ்ஞோரா. ஒரு விடியல் நான் எழும்பாமல் விட்டால் இந்தப் பையைக் கண்டெடுப்பார்கள். பாவம் மனுசி, வன்னி மண்ணைக் கட்டிக்கொண்டு வந்து வைத்திருந்திருக்கிறாள் என்று அழுவார்கள். அழுதழுது எனக்குக் கீழேயே வைத்து அடக்கிவிடுவார்கள். வேண்டாம், அது என் மண் இல்லை என்று சொல்ல அப்போது எனக்கு வாய் இருக்காது. ஓடிவந்த அவதியில், என் ஊரில் ஒரு பிடி அள்ள எனக்கு நேரம் கிடைக்கவில்லை.