கல்யாணம் ஆகாத அப்பா

அன்பு மகள் கெசியாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம், அப்பாவும் இப்போது சுகம். இப்போது என்பதைப் பார்த்ததும் போனை எடுக்காதே, முழுசாகப் படி. போனில் சொன்னால் பின்னால் நின்று திருத்துவார், அதனால்தான் கடிதம்.

போன வியாழக்கிழமை காலை ஃபேன் துடைக்கிறேன் என்று ஸ்டூலில் ஏறி விழுந்துவிட்டார், பின்மண்டையில் நல்ல அடி. தண்ணீர் தெளித்து எழுப்பினால் என்னைக் கும்பிட்டு, தேங்க்ஸுங்க, இது யார் வீடுங்க என்கிறார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். என் பேர் வேதசிரோமணி, வயசு இருபத்தாறு, இன்னும் கல்யாணம் ஆகலீங்க என்றதும்தான் இது விளையாட்டில்லை என்று தெரிந்தது. ஆட்டோ பிடித்து குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், தாம்பரத்துல இந்தப் பாலம் எப்ப கட்டினாங்க என்று வழியெல்லாம் ஆட்டோக்காரரைக் கேட்டுக்கொண்டே வந்தார். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, நினைவு திரும்பும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும் என்று நர்ஸ் கேட்டது, நான் வாய் திறப்பதற்குள் இவர், ரொம்ப நல்லவங்க சிஸ்டர், தெரியாத ஆளுக்கு இவ்வளவு செய்றாங்க என்கிறார்.

நீ படிக்கிற தத்துவத்தில், ஞாபகம்தான் ஆள் என்று ஒரு கட்சி, நாம் உயிருள்ள உடம்பு, மனிதன் என்கிற பிராணி, அவ்வளவுதான் என்று இன்னொரு கட்சி என்று போன மாதம் சொன்னாயே. வண்டலூர் ஜூவில் கூண்டுக்குள்ள இருக்கறதும் நானும் ஒண்ணா என்று அப்பாகூட கோபித்துக்கொண்டார். நான் அன்றைக்கு ஞாபகக் கட்சி. இந்த மனுஷனுக்கு நான் இனி யாருமில்லையே என்று பெட் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் உப்புமா வந்தது. கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். மூன்று தும்மல் போட்டார், மூன்றாவதில் பக்கத்து பெட்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தூக்கத்தில் வழக்கம்போலக் கால் கட்டைவிரலை ஆட்டினார். இதற்கெல்லாம் ஞாபகமே தேவைப்படவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்சி மாறிவிட்டேன், படுத்திருப்பது நம் பிராணிதான்.

சாயங்காலம் விழித்ததும், ஹெப்சி, என்ன புடவையைத் திருப்பிக் கட்டியிருக்கே என்று அதட்டினார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. தொல்லை அதற்கப்புறம்தான். மத்தியானம் தூங்கப்போகும் முன் நர்ஸைக் கூப்பிட்டு, இந்த மேடத்துக்குக் கல்யாணம் ஆயிடுச்சா என்று ரகசியமாக விசாரித்தீங்களே என்று வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்லித் தொலைத்தேன். முகம் இறுகிவிட்டது. நான் அப்படிக் கேட்கிற ஆளே இல்ல, அவன் எவனோ, நீ எதுக்கு அவன்கிட்ட அவ்வளவு நேரம் பேசிட்டிருந்தே என்கிறார். நாலு நாளாக இதே வழக்கு. நான் காய் வாங்கப் போனாலும் கூடவே வருகிறார்.

நீதான் போன் போட்டு, அவன் நீங்கதான்பா என்று விளக்க வேண்டும். ஆனால் இந்த வாரம் வேண்டாம். முப்பத்தைந்து வருஷத்தில் இவர் என் விஷயத்தில் பொறாமைப்படுவது இதுதான் முதல் தடவை, கொஞ்ச நாள் இருக்கட்டும்.

தேவன் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஈரத்தலையோடு குளிரில் வெளியே போகாதே.

தினமும் உனக்காக ஜெபிக்கும் அம்மா,
ஹெப்சி
கிழக்குத் தாம்பரம்