புள்ளியை விட்டுட்டு எழுதின நோட்டு

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் அங்க சுகமா இருப்பீங்கன்னு நம்பறேன். இங்க அம்மா எழுந்து நடமாடறா, அதை முதல்லயே சொல்லிடறேன், மீதியைப் படிக்கும்போது பதறாதே. போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா உன் குரலைக் கேட்டா எனக்கு நாக்கு எழும்பாது, அதான் பேனாவை எடுத்தேன்.

நீ அங்கேருந்து அனுப்பின சர்க்கரை பாக்கற மெஷின் 14.2ன்னு காட்டினா, நான் நோட்டுல 142ன்னு எழுதிட்டு வந்திருக்கேன்மா. நடுவுல இருக்கற புள்ளி ஏதோ அந்த ஊர்ப் பழக்கம்னு நெனச்சுட்டேன். அங்க அளவே வேற, பதினெட்டால பெருக்கணும்னு நீ பெட்டி மேல ஒட்டி அனுப்பின சீட்டைப் படிக்கவே இல்லை. முப்பது வருஷம் இன்ச்சை சென்டிமீட்டராக்கித் துணி வெட்டின தையல்காரனுக்கு மகள் அளவு சொல்லித் தரணுமான்னு ஒரு திமிர். நீ போன்ல கேட்டப்பவும் எல்லாம் நூத்தியம்பதுக்குள்ளதான்னு பெருமையா சொன்னேன். அம்மா ரெண்டு மாசமா தாகம் அடங்கலைன்னு, கால் எரியுதுன்னு, ஊசியில நூல் கோக்க முடியாம கண்ணு மங்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான் நோட்டை நீட்டி, சர்க்கரை ஒழுங்காத்தான் இருக்கு, உனக்குத்தான் உடம்பு வணங்கலைன்னு திட்டினேன். போன செவ்வாய்க்கிழமை சட்டைக்குப் பட்டன் வெச்சுக்கிட்டிருந்தவ அப்படியே தையல் மெஷின் மேல சாஞ்சுட்டா.

ஆஸ்பத்திரியில நர்ஸம்மா நோட்டையும் நீ அனுப்பின மெஷினையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, ஐயோ இது இருநூத்தி அம்பத்தஞ்சு ஆச்சே, யாரு இப்படி எழுதினதுன்னு கேட்டாங்க. அம்மா கண்ணை மூடினபடியே, நான்தான்மா எழுதினேன், எனக்குப் படிப்பு கம்மின்னா. அவங்க அவளைத்தான் கடிஞ்சுக்கிட்டாங்க, நான் தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன். நாலு நாள் அங்க இருந்தோம், நாலு நாளும் சொல்லலை. வீட்டுக்குக் கிளம்பறப்பதான் நர்ஸம்மாகிட்டப் போய் எழுதினது நான்னு சொன்னேன். தெரியும் ஐயா, சேக்கறப்ப ஃபாரம் நிரப்பினது நீங்கதானே, அதே கையெழுத்துன்னாங்க. எனக்கு எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கலாம்னு இருந்துச்சு.

இப்ப அம்மாவே விரலைக் குத்தி, அவளே பதினெட்டால பெருக்கி எழுதிக்கறா. ஒரு தப்பு வரலை. நோட்டை என்கிட்ட குடுக்கறதில்லை, கேக்க எனக்கும் வாய் வரலை.

நீங்க ரெண்டு பேரும் நோய்நொடி அண்டாம நீண்ட நாள் நல்லா இருக்கணும். வேலை வேலைன்னு ஓடாம வேளைக்குச் சாப்பிடு. ஞாயித்துக்கிழமை கூப்பிடறப்ப சர்க்கரை நம்பரை என்கிட்ட கேக்காதே, அம்மாகிட்டயே கேளு.

தலை குனிஞ்சு எழுதற,
உன் அப்பா